செம்பருத்தி வேருக்குள் கோரைக்கிழங்கு: ஒரு யூனிட் மண்ணைச் சலித்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பூப்பாத்தி முழுக்கக் குனிந்து எண்ணினேன். 11 கோரை முளை. கோரை என்றால் மண்ணுக்குள் கிழங்கு விட்டுப் பரவுகிற களை. போன வருடம் ஜனவரியில் இதே பாத்தியில், ஒரே ஒரு சதுர அடிக்குள் 43 எண்ணி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினொன்றும் சுத்தமாக ஒழிந்த பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன். ஆனால் சித்திரையில் மண்ணைக் கிளற வேண்டியவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டிய விஷயங்கள் இதில் இருக்கின்றன.

வீடு சேலத்தில், கன்னங்குறிச்சியைத் தாண்டி. மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். வீட்டு முன்னால் காம்பவுண்டு ஓரமாக 24 அடி நீளம், 5 அடி அகலத்தில் பூப்பாத்தி. அதில் செம்பருத்தி மூன்று, அரளி இரண்டு, நந்தியாவட்டை ஒன்று, இட்லிப்பூ ஆறு, குண்டுமல்லி நான்கு. செம்பருத்தியில் ஒன்று அம்மா 2009-ல் பழைய வீட்டிலிருந்து குச்சி ஒடித்துக்கொண்டு வந்து வைத்தது. ஒற்றை அடுக்குச் சிவப்பு, அடித்தண்டு என் மணிக்கட்டைவிடத் தடிமன். அம்மா தினமும் சாமிக்கு அதிலிருந்துதான் பறிப்பார். இந்தச் செடிகளைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடும். வெறும் மண்ணாக இருந்திருந்தால் வேறு மாதிரி முடித்திருக்கலாம்.

கோரை எங்களிடம் தானாக வரவில்லை. 2023 அக்டோபரில் பாத்தியை உயர்த்த ஒரு டிராக்டர் மண் இறக்கினோம். 2,800 ரூபாய். ஏரி வண்டல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கறுப்பாக, கையில் பிடித்தால் வெண்ணெய் மாதிரி இருந்தது. எங்கள் இடம் செம்மண், ஒன்றேகால் அடிக்குக் கீழே சுக்கான் கல். அதனால் இந்த மண்ணைப் பார்த்ததும் ரொம்பச் சந்தோஷம். ஐப்பசி மழை இரண்டு பிடித்ததும் பாத்தி முழுக்கப் பச்சை. புல் என்று நினைத்தேன். அருகம்புல்லாக இருக்கும், ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன்.

அருகா கோரையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். ஒரு தண்டைக் கிள்ளி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். அருகு உருளும். கோரை உருளாது, மூன்று முனையும் விரலில் தட்டும். இலையும் மினுமினுப்பாக, நடுவில் பள்ளம் விழுந்து, அடியிலிருந்து மூன்று திசைக்குப் பிரியும். இதை நான் தெரிந்துகொண்டது மூன்று மாதம் கழித்து. அந்த மூன்று மாதமும் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

பிடுங்கினால் ஈரமண்ணில் சுலபமாக வரும். வெள்ளையாக ஒரு குருத்தோடு வரும்போது வேரோடு வந்துவிட்டது என்றே தோன்றும். அது வேர் இல்லை. தரைக்குக் கொஞ்சம் கீழே செடியின் அடி லேசாகப் பருத்திருக்கும், அங்கே அறுந்து வருகிறது. கிழங்கு அதற்கும் கீழே, கறுப்பு நூல் மாதிரி ஒரு கொடியில் கோத்து இருக்கும். ஒரு கிழங்கு, அரை ஜாண் கொடி, அடுத்த கிழங்கு, மறுபடி கொடி. நான் பிடுங்கிய இடத்திலெல்லாம் பத்து நாளில் இரண்டு முளை.

பிறகு மம்பட்டி எடுத்து அரை அடி ஆழத்துக்குக் கொத்திவிட்டேன். இது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. கொடி முழுசாக இருக்கிறவரை ஒன்றிரண்டு கிழங்குதான் முளைவிடும், மற்றவை உறங்கும். கொடியை வெட்டிவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழித்துக்கொள்ளும். நம்பாமல் இரண்டு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் மண் போட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஏழு கிழங்கு உள்ள கொடியை அப்படியே புதைத்தேன். இன்னொன்றில் அதே மாதிரி ஏழு கிழங்குக் கொடியைக் கத்தரியால் துண்டு துண்டாக்கிப் புதைத்தேன். மூன்றாவது வாரம் முதல் டப்பாவில் இரண்டு முளை, இரண்டாவதில் ஆறு. மம்பட்டியை அன்றோடு உள்ளே வைத்தேன்.

அடுத்தது ஷீட். காய்கறித் தோட்டத்துக்கு விரிக்கிற கறுப்பு மல்ச்சிங் ஷீட், 25 மைக்ரான், வேண்டிய நீளம் 300 ரூபாய். செடித் தண்டைச் சுற்றி வட்டமாக வெட்டி, பாத்தி முழுக்க விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தேன். ஒன்பதாவது நாள் காலையில் தண்ணீர் விடப் போனபோது ஷீட்டில் அங்கங்கே கூடாரம் போட்ட மாதிரி மேடு. ஒரு மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நுனி ஊடுருவி வெளியே வந்திருந்தது. கோரையின் முளை கூம்பு மாதிரி சுருண்டு, வெளுத்து, முனை ஊசி மாதிரி கூராக இருக்கிறது. விரல் நுனியை வைத்தால் குத்துகிறது. சுற்றி ஷீட் கிழியவே இல்லை, தையல் ஊசி போட்ட ஓட்டைதான். அன்று மாலைக்குள் 30 ஓட்டை. மற்ற களைக்கெல்லாம் இந்த ஷீட் நன்றாக வேலை செய்யும், அதைக் குறை சொல்லவில்லை. பார்த்தீனியம் ஒன்றுகூட வரவில்லை. கோரைக்கு இது தடையே இல்லை.

ஷீட்டுக்குப் பதில் பழைய பிளக்ஸ் பேனர் போட்டேன். அதைக் குத்த முடியவில்லை. ஆனால் அடியில் இருந்த கிழங்குகள் சாகவில்லை. பக்கவாட்டில் ஊர்ந்து, வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே வந்தன. வெளிச்சம் இருந்த இடம் செடித் தண்டைச் சுற்றி நான் வெட்டிய வட்டம். அதாவது பாத்தி முழுக்கப் பரவியிருந்த கோரையை நானே ஓட்டிக் கொண்டுபோய்ச் செடியின் அடியில் சேர்த்துவிட்டேன். நான்கு மாதம் கழித்துப் பேனரை எடுத்தபோது மண் காற்றோட்டம் இல்லாமல் புளித்த வாடை அடித்தது. இரண்டு இட்லிப்பூ மஞ்சளடித்திருந்தது.

உப்பு, வினிகர், பாத்திரம் கழுவுகிற சோப்பு மூன்றையும் கலந்து தெளிக்கச் சொல்லி யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்து ஒரு மூலையில் தெளித்தேன். இரண்டு நாளில் இலை கருகியது, பன்னிரண்டாவது நாள் திரும்ப வந்தது. அந்த மூலையில் இருந்த இட்லிப்பூவின் இலை ஓரமெல்லாம் பழுப்பு. இட்லிப்பூவுக்கு உப்பு ஆகவே ஆகாது. ஒரு வாரம் தினமும் குடம் குடமாக ஊற்றி உப்பைக் கீழே இறக்கினேன், செடி பிழைத்தது. தயவுசெய்து பூச்செடி இருக்கிற மண்ணில் உப்பு போடாதீர்கள். கோரைக்கு ஒரு வாரத் தொல்லை, செடிக்கு ஒரு வருடத் தொல்லை.

களைக்கொல்லி ஏன் அடிக்கவில்லை என்று பலர் கேட்டார்கள். கிளைபோசேட் இலை வழியாகக் கிழங்குவரை இறங்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கோரையும் செம்பருத்தியும் ஒன்றுதான். 2022-ல் மத்திய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம்தான் அதைத் தெளிக்க வேண்டும் என்று கட்டுப்பாடும் போட்டது. அதற்கு மேல் நான் கண்ணால் பார்த்த காரணம் ஒன்று இருக்கிறது. இரண்டு வீடு தள்ளி ஒருவர் காலி மனையில் காற்று அடிக்கிற நேரத்தில் மருந்து தெளித்தார். எங்கள் கடைசிச் செம்பருத்தியில் அடுத்து வந்த துளிரெல்லாம் மூங்கில் இலை மாதிரி ஒல்லியாக, கொத்துக் கொத்தாக வந்தது. அது தெளிய ஏழு மாதம் ஆனது. சாரல் பட்டதற்கே அப்படி. வேரைப் பின்னிக்கொண்டிருக்கிற கோரை மேல் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

வழி சொன்னது எங்கள் தெருவில் களை எடுக்க வருகிற அம்மா. எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். காட்டு வேலையில் வளர்ந்தவர். 2025 பொங்கல் கழித்து வந்தபோது பாத்தியைப் பார்த்துவிட்டு, "ஈரத்துல கை வெக்காத கண்ணு. ஈரத்துல தொட்டா அது ஊரையே கூட்டியாரும். சித்திர மாசம் வரட்டும், மண்ணக் காயப்போட்டு, கெளறி, கெழங்கப் பொறுக்கி வெயில்ல போடோணும். கோட ஒழவு எதுக்கு ஓட்டறாங்க, இதுக்குத்தான்" என்றார். செடி இருக்கிறதே அம்மா என்றேன். "புடுங்கி வையி. பொழைக்கிறது பொழைக்கும்."

எனக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பயம். பங்குனி முழுக்க யோசித்து, முதலில் கிழங்கு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கலாம் என்று முடிவுசெய்தேன். செடி இல்லாத இடத்தில் சரியாக ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம் கயிறு கட்டி, நான்கு நான்கு இஞ்சாக மண்ணை எடுத்துத் தனித்தனிச் சட்டியில் போட்டு எண்ணினேன். மேல் நான்கு இஞ்சில் 61 கிழங்கு. அடுத்த நான்கில் 38. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் 9. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, சுக்கான் தட்டியது. ஒரு அடி எடுத்தால் போதும் என்று அளவு கிடைத்தது. இந்தச் சோதனைக் குழி அரை மணி நேர வேலைதான். இதை முதல் மாதமே செய்திருந்தால் பேனரும் உப்பும் தேவைப்பட்டிருக்காது.

சல்லடைதான் அடுத்த பாடம். வீட்டுக்கு மணல் சலித்த பழைய சட்டத்தில் அரை இஞ்ச் வலை அடித்தேன், புது வலை 260 ரூபாய். முதல் நாள் சலித்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தால் அதில் மொச்சைக்கொட்டை அளவைவிடச் சின்னக் கிழங்கெல்லாம் விழுந்து கிடந்தது. சின்னதும் முளைக்கத்தான் செய்யும். அந்த நாள் வேலை முழுக்க வீண். செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கால் இஞ்ச் வெல்டு மெஷ் வாங்கி வந்தேன், மூன்றரை அடிக்கு இரண்டரை அடி, 420 ரூபாய். சட்டத்துக்கு ரீப்பர் கட்டையும் தச்சருக்குக் கூலியுமாக 350.

கால் இஞ்ச் வலையில் ஈரமண் ஒரு சட்டிகூட இறங்காது, அப்பிக்கொள்ளும். அதனால் முதல் நாள் வெட்டிய மண்ணைச் சிமெண்ட் தரையில் பரப்பி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, கட்டையால் கட்டிகளைத் தட்டி, மறுநாள் சலிப்பது என்று வரிசை வைத்தோம். தட்டும்போது மெதுவாகத் தட்ட வேண்டும், கிழங்கு உடையக் கூடாது. சல்லடையைச் சாய்த்து நிறுத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரொம்ப நிமிர்த்தினால் மண்ணும் கிழங்கோடு சேர்ந்து முன்னால் உருண்டு விழும், ரொம்பப் படுக்க வைத்தால் கிழங்கு வலையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அந்த அம்மா ஒரு செங்கல்லை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு சட்டி மண் போட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து நிறுத்தினார். அதற்கப்புறம் அந்தச் செங்கல்லை யாரும் தொடவில்லை.

செடிகளைத் தூக்கியது ஏப்ரல் மூன்றாவது வாரம், மாலை ஐந்தரைக்கு மேல். முந்தின நாளே மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்துவிட்டேன். இட்லிப்பூ ஆறு, மல்லி நான்கு, சின்னச் செம்பருத்தி இரண்டு, நந்தியாவட்டை ஒன்று, ஆக 13. ஒவ்வொன்றையும் வேர்மண்ணோடு எடுத்து, அன்னக்கூடைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, கையால் அலசி மண்ணை முழுக்க உதிர்த்தேன்.

ஒரு மல்லிச் செடியை அலசியதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். தண்ணீர் மூன்று தடவை மாற்றிய பிறகு வேர் முழுக்கத் தெரிந்தது. மல்லி வேர் மஞ்சள் கலந்த பழுப்பு, கோரைக் கொடி கறுப்பு. கறுப்புக் கொடி வேர்களுக்கு நடுவில் பாவு நூலுக்குள் ஊடு நூல் மாதிரி மேலும் கீழுமாகப் போயிருந்தது. ஓரிடத்தில் இரண்டு வேர் பிரிகிற கவட்டில் ஒரு கிழங்கு உட்கார்ந்து, அங்கேயே பருத்து, வேரை நெட்டித் தள்ளியிருந்தது. இழுத்தால் வேர் கிழிகிறது. மூக்குத்தி கழற்றுகிற மாதிரி இரண்டு விரலால் திருகித் திருகித்தான் எடுத்தேன். அந்த ஒரு செடியின் வேரிலிருந்து 27 கிழங்கு. வேரோடு மண்ணைச் சேர்த்து அப்படியே தூக்கி நட்டிருந்தால் இந்த 27-ம் புது மண்ணுக்குப் போயிருக்கும். நர்சரியிலிருந்து கறுப்புப் பையில் வாங்குகிற செடிக்கும் இதே கதைதான். இப்போதெல்லாம் புதுச் செடி எது வந்தாலும் ஒரு மாதம் பையோடு தனியாக வைத்து, முளை பார்த்த பிறகுதான் பாத்திக்குள் விடுகிறேன்.

அலசிய செடிகளைத் தேங்காய் நார்க்கழிவும் மணலும் கலந்த பைகளில் வைத்து, மாமரத்தடியில் ஐம்பது சதவீத நிழல் வலை கட்டி நிறுத்தினேன். பை 13-க்கு 325, ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி இரண்டு 360, வலை 600. காலையும் மாலையும் இலை மேல் தண்ணீர் தெளித்தோம். மல்லி நான்கும் ஒரு வாடலோடு தெளிந்துவிட்டது. நந்தியாவட்டை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மே கடைசியில் துளிர்த்தது. இட்லிப்பூவில் ஒன்று செத்துப்போனது, உப்பு பட்ட அதே செடி. அதற்கு நான்தான் காரணம்.

பெரிய செம்பருத்தியையும் அரளி இரண்டையும் தூக்க முடியாது. தூக்கினால் செம்பருத்தி பிழைக்காது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அதனால் மூன்றைச் சுற்றியும் ஒன்றரை அடி வட்டம் தொடாமல் விட்டு, மீதி மண்ணை மட்டும் எடுத்தோம். அரளி பக்கம் வேலை செய்கிறவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அரளிக்கு வேர் முதல் பூ வரை விஷம். வெட்டிய வேர்த்துண்டைக் குப்பையோடு போட்டு எரிக்கவும் வேண்டாம், புகையும் ஆகாது. சேலத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏக்கர் கணக்கில் அரளி போடுகிறார்கள், பழகினவர்கள் தெரிந்துதான் தொடுகிறார்கள்.

எடுத்த மண் கணக்குப் போட்டால் சுமார் நூறு கன அடி, அதாவது ஒரு யூனிட். வெட்ட ஓர் ஆள் நான்கு நாள், நாள் கூலி 900. சலிக்க களை எடுக்கிற அந்த அம்மாவும் நானும் ஒன்பது நாள், அவருக்கு நாளுக்கு 500. காலை ஆறு முதல் பத்தரை, சாயங்காலம் நான்கு முதல் ஆறரை. கிழங்கை மட்டும் தராசில் போட்டபோது 8 கிலோ 600 கிராம். ஒவ்வொன்றும் ஒரு கிராம்கூட இருக்காது. பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும்.

அதை மொட்டை மாடித் தளத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பினேன். அக்கினி நட்சத்திரம் மே 4-ல் தொடங்கியது, அதற்குத்தான் காத்திருந்தேன். எத்தனை நாளில் சாகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, மூன்றாம் நாள் பத்துக் கிழங்கு எடுத்து ஈர மணலில் புதைத்தேன், 7 முளைத்தது. ஐந்தாம் நாள் எடுத்ததில் 3. எட்டாம் நாள் 1. பன்னிரண்டாம் நாள் எடுத்த பத்தில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு கோடை மழை வந்தால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும், அதனால் தார்ப்பாய் பக்கத்திலேயே கிடந்தது. ஒரு ராத்திரி மலைப்பக்கம் மின்னியபோது நானும் அம்மாவும் எழுந்து ஓடிப்போய் மூடினோம்.

காயக் காய மாடி முழுக்க ஒரு வாசனை. நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அதே வாசனை. இதே கோரைக்கிழங்குதான் அங்கே நலங்கு மாவுக்கு விற்கிறது. பாய் முடைகிற கோரை வேறு, அது நெட்டையாக வளர்கிற இன்னொரு இனம். அம்மா நல்ல பருமனாகப் பார்த்து இரண்டு படி பொறுக்கி, கழுவி, மறுபடி காயவைத்து, பயத்தமாவு, பூலாங்கிழங்கோடு அரைத்துக்கொண்டார். மீதியைக் காய்ந்த தேங்காய் மட்டையோடு எரித்தேன். மக்குக் குழியில் ஒரு கிழங்குகூடப் போடவில்லை.

சலித்த மண்ணைத் திரும்பப் போடுவதற்கு முன்னால் வேலி ஓரம். பக்கத்துக் காலி மனையில் கோரை இருக்கிறது, காம்பவுண்டு அஸ்திவாரம் அந்த இடத்தில் சன்னம். அதனால் 24 அடிக்கும் ஒரு அடி ஆழத்தில், ஒரு அடி அகலக் கடப்பாக்கல்லைக் குத்தவைத்து இறக்கினேன். சமையல்மேடை போட்ட மிச்சத் துண்டுகள், அடி 45 ரூபாய் வீதம் 1,080. இரண்டு கல் சேருகிற இடத்தில் சிமெண்ட் பூசினேன். பூசாமல் விட்ட ஒரே ஒரு இடுக்கில் செப்டம்பரில் கறுப்புக் கொடி எட்டிப் பார்த்தது. கல் தரைக்கு மேலே இரண்டு இஞ்ச் நிற்க வேண்டும் என்றும் பிறகுதான் தெரிந்தது. மழையில் மண் ஏறி மூடிக்கொண்டால் மேலாகவே தாண்டும்.

ஜூன் முதல் வாரம் செடிகளைத் திரும்ப நட்டேன். சலித்த இடத்தில் மாத இறுதிக்குள் வந்தது மொத்தம் 38 முளை. கால் இஞ்சிலும் தப்பியவை. அதைத் திருப்புளியைப் பக்கத்தில் இறக்கி நெம்பி, கிழங்கோடு எடுக்க முடிந்தது, மண் அவ்வளவு பொலபொலப்பு. பிரச்சனை மூன்று வட்டத்தில்தான். அங்கே மட்டும் முதல் கணக்கு 212.

வட்டத்துக்குள் கிளற முடியாது, வேர் அறும். அங்கே வேறு வழி பிடித்தேன். முளை வெளியே வந்ததிலிருந்து சுமார் மூன்று வாரத்தில்தான் கீழே புதுக் கிழங்கு கட்ட ஆரம்பிக்கிறது. அதுவரை பழைய கிழங்கில் இருக்கிற சேமிப்பைச் செலவழித்துத்தான் இலை விடுகிறது. அதற்குள் எடுத்துவிட்டால் செலவு மட்டும் நடக்கும், வரவு இருக்காது. முன்பு பிடுங்கியதும் இதே பிடுங்கல்தான். ஆனால் அப்போது தோன்றியபோது பிடுங்கினேன், நடுவில் மாதக்கணக்கில் விட்டேன், விட்ட நேரத்தில் அது சேர்த்துக்கொண்டது. இப்போது எட்டு நாளைக்கு ஒரு தடவை, காலண்டரில் வட்டம் போட்டு, நான்கு இலைக்கு மேல் ஒன்றையும் விடாமல் எடுத்தேன்.

ஜூலையில் 160-க்கு இறங்கியது. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, சொந்தக்காரர்கள், அதற்குப் பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் என்று 24 நாள் கை வைக்க முடியவில்லை. போய்ப் பார்த்தால் 231. ஒரு செடியைத் தோண்டிப் பார்த்தேன், அடியில் பட்டாணி அளவில் வெள்ளையாகப் புதுக் கிழங்கு இரண்டு. மூன்று வாரக் கணக்கு சரி என்று அதில் தெரிந்தது. அதற்கப்புறம் எட்டு நாளைத் தவறவிடவே இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் 96, டிசம்பரில் 31, இப்போது 11.

இடையில் இன்னொன்றும் உதவியது. கோரைக்கு வெயில் வேண்டும், நிழலில் சோர்ந்துபோகும். ஆடி பதினெட்டுக்கு அந்த அம்மா தன் மடியிலிருந்து இரண்டு கைப்பிடி தட்டப்பயறு எடுத்துச் செடிகளுக்கு நடுவில் நெருக்கமாக ஊன்றிவிட்டுப் போனார். ஒரு மாதத்தில் தரை தெரியாமல் மூடிவிட்டது. அதன் கீழே வந்த கோரை வெளுத்து, நூல் மாதிரி நெட்டிக்கொண்டு வந்தது, எடுப்பதும் சுலபம். பயறு இரண்டரைக் கிலோ கிடைத்தது. ஆனால் கொடி இட்லிப்பூ மேல் ஏறியது, வாரம் ஒரு தடவை ஒதுக்கிவிட வேண்டியிருந்தது. அடுத்த தடவை குத்துரகமாகப் பார்த்துப் போடுவேன்.

மொத்தச் செலவு 11,235 ரூபாய். அதற்கு முன்னால் ஷீட், உப்பு, வினிகர், தப்பான வலை என்று வீணாக்கியது 800. இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் மண்ணை வாங்கும்போதே ஒரு சட்டி எடுத்துத் தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் வைத்துப் பார்த்திருந்தால் இந்தச் செலவே இல்லை. இப்போது எந்த மண் வந்தாலும் அதைத்தான் செய்கிறேன்.

மறுபடி செய்வதாக இருந்தால் செடிகளை ஏப்ரலில் தூக்க மாட்டேன். மாசியிலேயே தூக்கிப் பையில் வைத்துத் தெளியவிட்டு, வெற்றுப் பாத்தியைச் சித்திரையில் கிளறுவேன். வெயில் கிழங்குக்கு வேண்டும், செடிக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்ததால்தான் அவ்வளவு தண்ணீரும் பயமும். பெரிய செடிகளுக்கும் ஒன்றரை அடி வட்டம் அதிகம். ஒரு மாதம் முன்னாலேயே முக்கால் அடியில் சுற்றி வேரைக் கடப்பாரையால் வெட்டிவிட்டு, புதுச் சல்லி வேர் விட்ட பிறகு நெருங்கிச் சலித்திருக்கலாம். இதை ஒரு அரளியில் இந்த மாசியில் செய்து பார்க்கப்போகிறேன். மீதியிருக்கும் பதினொன்றில் ஏழு அந்த அரளியடியில்தான் இருக்கிறது.

பெரிய செம்பருத்தியின் வட்டத்தில் இப்போது இரண்டுதான். இரண்டும் அடித்தண்டுக்குப் பக்கத்தில், தடித்த வேர் இரண்டு பிரிகிற கவட்டிலிருந்து வருகின்றன. அங்கே திருப்புளி போகாது. வருகிற வியாழன் எட்டாவது நாள்.